ஒரே கதை, மூன்று பருவங்கள்: ஜென்னி ஆகட்டரின் நடிப்பு வாழ்க்கை

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குழந்தையாக அறிமுகமாகி, முதுமை வரை இடைவிடாமல் நடித்துவருபவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஜென்னி ஆகட்டர் தனித்துச் சொல்லப்பட வேண்டியவர். 1964இல் பதினொரு வயதுச் சிறுமியாகத் திரையில் தோன்றியவர், அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் பி.பி.சி.யின் புகழ்பெற்ற தொடர் ஒன்றின் மையப் பாத்திரத்தில் நடித்தார். இடைப்பட்ட காலத்தில் ஒரே கதையுலகில் மகளாகவும் தாயாகவும் பாட்டியாகவும் அவர் நடித்தார். குழந்தை நட்சத்திரங்கள் பலருடைய புகழ் பதின்ம வயதோடு முடிந்துவிட, அவருடைய தொழில் வாழ்க்கை மட்டும் எதனால் நீடித்தது என்ற கேள்விக்கு அவருடைய பள்ளிக்காலம், பிரிட்டிஷ் தொலைக்காட்சி இயங்கிய முறை, அவர் ஏற்ற பாத்திரங்களின் வரிசை ஆகியவற்றில் விடை இருக்கிறது.

பிறப்பும் பள்ளியும்

ஜென்னி ஆகட்டர் 1952 டிசம்பர் 20 அன்று இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் உள்ள டாண்டன் நகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றியவர். படைவீரர்களுக்கான கலை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. அதனால் குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், சைப்ரஸ் தீவின் டெகெலியா என ராணுவத் தளங்கள் இருந்த ஊர்களில் ஆகட்டரின் இளமை கழிந்தது.

இந்த அலைச்சலுக்கு நடுவே அவருக்கு ஓர் ஊன்றுகோலாக அமைந்தது சர்ரே மாவட்டத்தின் கேம்பர்லி நகரில் இருந்த எல்ம்ஹர்ஸ்ட் பாலே பள்ளி. விடுதியில் தங்கிப் படிக்கும் இப்பள்ளியில் பொதுக்கல்வியும் நடனப் பயிற்சியும் ஒருசேர வழங்கப்பட்டன. ஆகட்டருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே குழந்தை நட்சத்திரமாகப் பெயர்பெற்ற ஹேலி மில்ஸும் இப்பள்ளியில் படித்தவர். பதினாறு வயது வரை அங்கே பயின்ற ஆகட்டருக்கு உடலைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவும், சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நிற்கவும், ஒரே அசைவைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யவும் பழக்கமாயிற்று. கேமரா முன் நிற்கும் சிறுவருக்கு இவையே முதல் தேவைகள்.

பள்ளியில் படிக்கும்போதே ‘ஈஸ்ட் ஆஃப் சூடான்’ என்ற சாகசப் படத்தில் வாய்ப்புக் கிடைத்தது. அந்தோனி குவேல், சில்வியா சிம்ஸ் ஆகியோர் முன்னணியில் நடித்த அப்படம் 1964இல் வெளியானது. அடுத்து, டிஸ்னி நிறுவனம் தொலைக்காட்சிக்காகத் தயாரித்த ‘பாலரீனா’வில் நடித்தார். டென்மார்க்கில் படமாக்கப்பட்டு 1966இல் ஒளிபரப்பான அதில், அவர் கற்ற நடனமே பாத்திரத்துக்கு உதவியது.

சட்டத்தின் காவல்

ஆகட்டர் நடிக்கத் தொடங்கிய ஆண்டுகளில்தான் பிரிட்டனில் குழந்தை நடிகர்களுக்கான விதிகள் புது வடிவம் பெற்றன. 1963ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர் சட்டம், கட்டாயப் பள்ளி வயதில் உள்ளவர்கள் நிகழ்ச்சிகளில் பங்கேற்க உள்ளாட்சி அமைப்பின் உரிமம் தேவை என்ற முறையைக் கொண்டுவந்தது. உரிமம் தருமுன் அந்த அமைப்பு மூன்று செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: குழந்தை அந்த வேலைக்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறது, அதன் நலத்துக்கும் அதைப் பரிவோடு நடத்துவதற்கும் தகுந்த ஏற்பாடு இருக்கிறது, அதன் படிப்பு கெடாது. பரிவோடு நடத்தப்படுவதைச் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவைத்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 1968இல் வெளியான விதிமுறைகள் வேலை நேரம், ஓய்வு, படப்பிடிப்பு இடத்தில் பாடம் நடத்துதல், குழந்தையின் பொறுப்பாளராக ஒருவர் உடனிருத்தல் போன்றவற்றை விரிவாக வகுத்தன.

இவ்விதிகளால் தயாரிப்பாளர்களுக்குச் செலவும் சிரமமும் கூடின. ஆனால் ஒரு குழந்தை முதலில் மாணவர், அதன்பிறகே நடிகர் என்ற நிலைப்பாடு அவற்றால் வேரூன்றியது. ஆகட்டரின் தொடக்ககாலப் பணிகள் இந்த நிலைப்பாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பள்ளியை விட்டு நடிப்புக்கு வரவில்லை. பள்ளிக்கு இடையே கிடைத்த காலத்தில் நடித்தார்.

‘தி நியூகமர்ஸ்’: தொழில் கற்ற இடம்

1965 முதல் 1969 வரை பி.பி.சி.யில் வாரம் இருமுறை ஒளிபரப்பான நெடுந்தொடர் ‘தி நியூகமர்ஸ்’. தொழிற்சாலை இடம் மாறியதால் லண்டனை விட்டு, கிழக்கு இங்கிலாந்தில் ஆங்கிள்டன் என்ற கற்பனை ஊரில் குடியேறும் ஒரு குடும்பத்தின் கதை அது. போருக்குப் பின் லண்டனின் மக்கள்தொகையைச் சிற்றூர்களுக்குப் பரப்பும் அரசுத் திட்டங்கள் நடந்துவந்த காலம் என்பதால், பார்வையாளர்கள் பலருக்கு அது தங்கள் வீட்டுக் கதையாகவே இருந்தது. இதில் கிர்ஸ்டி கெர் என்ற பாத்திரத்தில் ஆகட்டர் நடித்தார். பள்ளி விடுமுறைகளில்தான் அவரால் படப்பிடிப்புக்கு வர முடிந்தது.

அக்காலத் தொலைக்காட்சி நாடகம் தயாரான முறை நடிகர்களுக்குக் கடுமையான பயிற்சிக்களமாக இருந்தது. ஒத்திகைக் கூடத்தில் சில நாட்கள் ஒத்திகை நடக்கும். பிறகு ஸ்டூடியோவில் பல மின்னணுக் கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கி, காட்சிகளை நீண்ட ஓட்டமாக ஒளிநாடாவில் பதிவுசெய்வார்கள். நாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் சிக்கலும் மிகுந்த வேலை. எனவே சிறு பிழைக்காகப் பதிவை நிறுத்த மாட்டார்கள். வசனத்தை முழுமையாக மனப்பாடம் செய்து, தரையில் குறித்த இடத்தில் நின்று, எந்தக் கேமரா எப்போது தன்னைப் பார்க்கிறது என்பதை அறிந்து நடிக்க வேண்டும். பெரியவர்களுக்கே நெருக்கடி தரும் இந்த முறையில் பழகிய சிறுவர்கள் விரைவில் தேர்ந்த தொழிலாளர்கள் ஆனார்கள்.

ஒளிநாடா விலை உயர்ந்தது என்பதால் பழைய பதிவுகளை அழித்துவிட்டு அதன்மேல் புதியவற்றைப் பதிவது பி.பி.சி.யின் வழக்கமாக 1970களின் பிற்பகுதி வரை நீடித்தது. அதில் ‘தி நியூகமர்ஸ்’ தொடரின் பெரும்பகுதி அழிந்துபோனது. நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. ஆகட்டர் தொழில் கற்ற களத்தின் நேரடிச் சான்றுகள் இன்று அநேகமாக இல்லை என்பது தொலைக்காட்சி வரலாற்றுக்குப் பேரிழப்பு.

ராபர்ட்டா: 1968, 1970

ஈ. நெஸ்பிட்டின் ‘தி ரயில்வே சில்ட்ரன்’ 1905இல் இதழில் தொடராக வெளிவந்து, 1906இல் நூலானது. நாட்டின் ரகசியங்களை விற்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தந்தை சிறை செல்ல, லண்டனில் வசதியாக வாழ்ந்த மூன்று குழந்தைகள் தாயுடன் ஒரு நாட்டுப்புற வீட்டில் குடியேறுகிறார்கள். அருகில் ஓடும் ரயில்பாதையே அவர்களுடைய உலகமாகிறது. மூத்தவள் ராபர்ட்டா, வீட்டில் ‘பாபி’. தாயின் துயரத்தை முதலில் உணர்பவள் அவள். தந்தைக்கு நேர்ந்ததைத் தங்கை தம்பிக்கு முன்பே அறிந்து, அதைத் தனக்குள் வைத்துக் காப்பவளும் அவள். குழந்தைமைக்கும் முதிர்ச்சிக்கும் நடுவே நிற்கும் இந்தப் பாத்திரம், அதே நிலையில் இருந்த ஒரு நடிகைக்கு வாய்த்தது.

பி.பி.சி. 1950களிலேயே இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியிருந்தது. 1968இல் ஜூலியா ஸ்மித் இயக்கத்தில் ஏழு அத்தியாயங்களாக அது மீண்டும் எடுக்கப்பட்டபோது ஆகட்டர் பாபியாக நடித்தார். பி.பி.சி.யின் முதல் அலைவரிசைக்கு வண்ணம் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. இதே ஜூலியா ஸ்மித், 1985இல் தொடங்கிய ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ நெடுந்தொடரை டோனி ஹாலண்டுடன் சேர்ந்து உருவாக்கினார்.

அடுத்து, நடிகர் லயனல் ஜெஃப்ரிஸ் தாம் இயக்கும் முதல் படமாக இக்கதையைத் தேர்ந்தெடுத்து, திரைக்கதையும் எழுதினார். பிரையன் ஃபோர்ப்ஸ் பொறுப்பில் இருந்த ஈ.எம்.ஐ. நிறுவனம் படத்தைத் தயாரித்தது. தொலைக்காட்சியில் பாபியாக நடித்த ஆகட்டரே படத்திலும் பாபி ஆனார். டைனா ஷெரிடன் தாயாகவும், பெர்னார்ட் கிரிபின்ஸ் ரயில்நிலையப் பணியாளர் பெர்க்ஸாகவும் நடித்தார்கள். தங்கை ஃபிலிஸாக நடித்த சாலி தாம்செட் உண்மையில் ஆகட்டரைவிட இரண்டு வயதுக்கு மேல் மூத்தவர்.

யார்க்‌ஷயரில், தன்னார்வலர்கள் மீட்டெடுத்து 1968இல் மறுபடி இயக்கத் தொடங்கிய கீத்லி - வொர்த் பள்ளத்தாக்கு ரயில்பாதையில் படப்பிடிப்பு நடந்தது. ஓக்வொர்த் நிலையமே கதையின் ரயில்நிலையம். 1970 டிசம்பரில் படம் வெளியான பிறகு அந்தப் பாதையைக் காண வருவோர் பெருகினர். நிலச்சரிவால் மூடப்பட்ட பாதையில் வரும் ரயிலை, சிவப்புப் பாவாடைத் துணிகளை அசைத்து நிறுத்தும் காட்சியும், நிலைய மேடையில் நீராவி விலக, விடுதலையாகி வந்து நிற்கும் தந்தையைப் பாபி கண்டுகொள்ளும் காட்சியும் பிரிட்டிஷ் மக்களின் பொது நினைவில் பதிந்துவிட்டன. 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட தலைசிறந்த 100 பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் இப்படம் 66ஆம் இடம் பெற்றது.

தந்தையைக் காணும் காட்சியின் வலிமை அடக்கத்தில் இருக்கிறது. ஏன் வந்தோம் என்று தெரியாமலேயே நிலையத்துக்கு வந்து நிற்கும் பெண்ணின் குழப்பத்தை ஆகட்டர் சிறு அசைவுகளால் கட்டிக்கொண்டுபோகிறார். தந்தையின் உருவம் தெளிந்ததும் அதுவரை மூத்தவளாக நடந்துகொண்டவள் ஒரே கணத்தில் குழந்தையாகிவிடுகிறாள். முன்பே ஒருமுறை ஏழு அத்தியாயங்களில் வாழ்ந்து பார்த்த பாத்திரம் என்பதால் வந்த தெளிவு அதில் தெரிகிறது.

குழந்தைப் பாத்திரங்களைக் கடத்தல்

குழந்தை நடிகர்களின் வாழ்வில் பதினாறு முதல் இருபது வயது வரையான காலமே பெரும் கண்டம். பார்வையாளர்கள் பழைய முகத்தையே எதிர்பார்ப்பார்கள். முதிர்ந்த பாத்திரங்களைத் தருவோர் தயங்குவார்கள். இந்தக் கட்டத்தை ஆகட்டர் வெவ்வேறு வகைப் படைப்புகளில் அடுத்தடுத்து நடித்துக் கடந்தார். டேவிட் கிரீன் இயக்கிய ‘ஐ ஸ்டார்ட் கவுன்டிங்’ படத்தில், தான் நேசிக்கும் ஒருவன் கொலைகாரனோ என்று அஞ்சும் பெண்ணாக நடித்தார். நிக்கோலஸ் ரோக் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் எடுத்து 1971இல் வெளியான ‘வாக்கபவுட்’ படத்தில், தம்பியுடன் வழிதவறிய பள்ளி மாணவியாக நடித்தார். அவர்களைக் காக்கும் பழங்குடி இளைஞனாக அறிமுகமானவர் டேவிட் குல்பிலில். கேன் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற அப்படம் இன்று ஆஸ்திரேலிய நிலத்தைக் காட்டிய முக்கியப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

ஆனால் அவரைத் தேர்ந்த நடிகையாக நிலைநிறுத்தியது தொலைக்காட்சிதான். பால் காலிகோவின் குறுநாவலைத் தழுவி பேட்ரிக் கார்லண்ட் இயக்கிய ‘தி ஸ்னோ கூஸ்’ 1971இல் ஒளிபரப்பானது. எசெக்ஸ் கடற்கரைச் சதுப்புநிலத்தில் தனித்து வாழும் ஓவியராக ரிச்சர்ட் ஹாரிஸும், அடிபட்ட பறவையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வரும் ஃப்ரித்தாவாக ஆகட்டரும் நடித்தார்கள். 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைவீரர்களை மீட்கும் முயற்சியில் ஓவியர் உயிரிழக்க, சிறுமியாக வந்தவள் இழப்பை அறிந்த பெண்ணாகிறாள். இப்பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான எம்மி விருது 1972இல் ஆகட்டருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. குழந்தை நட்சத்திரம் என்ற அடைமொழி அத்துடன் விலகியது.

மேடையும் அமெரிக்காவும்

எம்மி விருது வாங்கிய கையோடு அவர் ஹாலிவுட் செல்லவில்லை. 1974இல் தேசிய நாடக அரங்கத்தின் தயாரிப்பாக பீட்டர் ஹால் இயக்கிய ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தில் மிராண்டாவாக நடித்தார். புராஸ்பெரோவாக நடித்தவர் ஜான் கில்குட். தலைமுறையின் தலைசிறந்த குரலுக்கு எதிரே நின்று செய்யுள் பேசிய அனுபவம், பாலே பள்ளியும் ஸ்டூடியோவும் தராத ஒன்றை அவருக்குத் தந்தது.

அதன்பிறகே அமெரிக்கா சென்றார். 1976இல் ‘லோகன்ஸ் ரன்’ என்ற அறிவியல் புனைவுப் படத்தில் மைக்கேல் யார்க்குடனும், அதே ஆண்டு ‘தி ஈகிள் ஹேஸ் லேண்டட்’ என்ற போர்ப்படத்தில் மைக்கேல் கெய்ன், டொனால்ட் சதர்லண்ட் ஆகியோருடனும் நடித்தார். பீட்டர் ஷாஃபரின் நாடகத்தைத் தழுவி சிட்னி லூமெட் 1977இல் இயக்கிய ‘ஈக்வஸ்’ படம் அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான பாஃப்டா விருதை ஈட்டித் தந்தது. 1981இல் ‘அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தில் ஏற்ற செவிலியர் பாத்திரமும் பரவலாக நினைவுகூரப்படுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும் விருந்தினராகத் தோன்றினார். லாஸ் ஏஞ்சலீஸ், லண்டன் நகரங்களைப் பற்றி அவர் எடுத்த புகைப்படங்கள் 1983இல் ‘ஸ்னாப்’ என்ற நூலாக வெளிவந்தன.

இதே காலத்தில் மேடையையும் அவர் கைவிடவில்லை. 1982இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையேற்றிய ‘கிங் லியர்’ நாடகத்தில் ரீகனாக நடித்தார். லியராக நடித்தவர் மைக்கேல் கேம்பன். தந்தையின் விடுதலைக்காக ஏங்கிய மகளாக அறியப்பட்டவர், தந்தையை வதைக்கும் மகளாக நடித்தது அவருடைய வீச்சைக் காட்டியது.

தாயகம் திரும்புதல்

1985இல் பி.பி.சி. தயாரித்த ‘சைலஸ் மார்னர்’ தொலைக்காட்சிப் படத்தில் பென் கிங்ஸ்லியுடன் நடித்தார். குழந்தை நடிகையாகத் தொடங்கிய பேட்சி கென்சிட்டும் அதில் இடம்பெற்றார். 1990இல் திருமணமான பின் ஆகட்டரின் வாழ்வும் தொழிலும் மீண்டும் பிரிட்டனை மையமாகக் கொண்டன. நாற்பது வயதை நெருங்கும் நடிகைகளுக்குத் திரைப்பட வாய்ப்புகள் சுருங்கும் நிலையில், பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் வகைவகையான நாடகங்கள் அவருக்கு இடம் தந்தன. ‘ரெட் டுவார்ஃப்’ என்ற அறிவியல் நகைச்சுவைத் தொடரில் ஓர் அத்தியாயம், 1995இல் ‘தி பக்கனியர்ஸ்’ என்ற வரலாற்று நாடகம், 1998இல் அடிமை வணிகத்தைப் பற்றிய ‘எ ரெஸ்பெக்டபிள் டிரேட்’ எனப் பட்டியல் நீள்கிறது. 2002இல் தொடங்கிய ‘ஸ்பூக்ஸ்’ உளவுத் தொடரில் டெசா ஃபிலிப்ஸ் என்ற மூத்த அதிகாரியாக நடித்தார். இல்லாத உளவாளிகளின் பெயரில் பணம் பெற்றுவந்த நேர்மையற்ற பாத்திரம் அது.

2000ஆம் ஆண்டில் கார்ல்டன் நிறுவனம் ‘தி ரயில்வே சில்ட்ரன்’ கதையைத் தொலைக்காட்சிப் படமாக மறுபடி எடுத்தது. இம்முறை ஆகட்டர் தாயாக நடித்தார். பாபியாக ஜெமிமா ரூப்பரும், குழந்தைகளுக்கு உதவும் முதிய பெரியவராக ரிச்சர்ட் அட்டன்பரோவும் நடித்தார்கள். பாபி எந்தத் தாயின் துயரத்தை வெளியிலிருந்து பார்த்தாளோ, அதே துயரத்தை உள்ளிருந்து காட்ட வேண்டிய பொறுப்பு இப்போது அவருக்கு வந்தது.

சிஸ்டர் ஜூலியன்

ஆகட்டரைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது ‘கால் தி மிட்வைஃப்’. ஜெனிஃபர் வொர்த் என்ற முன்னாள் மருத்துவச்சியின் நினைவுக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு ஹைடி தாமஸ் உருவாக்கிய இத்தொடர் 2012 ஜனவரியில் பி.பி.சி.யில் தொடங்கியது. லண்டனின் கிழக்குப் பகுதியான பாப்லரில், நொனாட்டஸ் இல்லம் என்ற ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தைச் சேர்ந்த மருத்துவச்சிகள் ஏழைக் குடும்பங்களில் பிரசவம் பார்ப்பதே கதை. மடத்தின் பொறுப்பாளரான சிஸ்டர் ஜூலியனாக ஆகட்டர் முதல் பாகத்திலிருந்தே நடித்தார்.

இத்தொடரின் அமைப்பு தனித்தன்மை கொண்டது. கதை 1957இல் தொடங்கி, ஏறத்தாழ ஒவ்வொரு பாகத்துக்கும் ஓராண்டு என முன்னேறுகிறது. தாலிடமைடு மாத்திரையால் உடலுறுப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள், கருத்தடை மாத்திரை, வீட்டுப் பிரசவம் மருத்துவமனைக்கு மாறியது, குடியேறிய மக்களின் வாழ்க்கை எனப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் சமூக வரலாறு இதில் விரிகிறது. 2023இல் ஒளிபரப்பான பாகம் 1968ஆம் ஆண்டிலும், 2025இல் ஒளிபரப்பான பதினான்காம் பாகம் 1970ஆம் ஆண்டிலும் நிகழ்கின்றன. ஆகட்டர் பாபியாக நடித்த அதே ஆண்டுகள் அவை. தம் பதின்ம வயதில் கண்ட நாட்டை, எழுபது வயதில், முதிய கன்னியர் ஒருவரின் கண்வழியே அவர் மறுபடி நடித்துக் காட்டினார்.

சிஸ்டர் ஜூலியன் வசனத்தைவிடக் கேட்பதாலேயே உருவாகும் பாத்திரம். அச்சத்தோடு வரும் இளம் மருத்துவச்சியையோ துயரத்தில் இருக்கும் தாயையோ குறுக்கிடாமல் கேட்டு, பின் சில சொற்களில் முடிவு சொல்பவர் அவர். மாறிவரும் மருத்துவ முறைகளுக்கும் மடத்தின் பழைய விரதங்களுக்கும் இடையே, நிதி நெருக்கடிக்கு நடுவே, இல்லத்தைக் காப்பதும் அவருடைய கடமை. உடல் முழுவதையும் அங்கி மூடியிருக்க, முகமும் கைகளும் குரலும் மட்டுமே நடிகைக்கு எஞ்சுகின்றன. குறைந்த கருவிகளைக் கொண்டு நிறைவாகச் சொல்லும் இந்தக் கலை, பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு.

இதே ஆண்டுகளில் ‘தி அவெஞ்சர்ஸ்’, ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ போன்ற பெரும் பொருட்செலவுப் படங்களிலும் சிறு பாத்திரங்களில் தோன்றினார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுவழி நோயால் பாதிக்கப்பட்டோருக்கான பணி உள்ளிட்ட அறப்பணிகளில் நெடுங்காலம் ஈடுபட்டுவந்தார். 2012இல் அவருக்கு வழங்கப்பட்ட ஓ.பி.ஈ. விருது அறப்பணிக்கானது.

மூன்றாம் பருவம்

2022 ஜூலையில் மார்கன் மேத்யூஸ் இயக்கிய ‘தி ரயில்வே சில்ட்ரன் ரிட்டர்ன்’ வெளியானது. 1944இல், குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சால்ஃபோர்டிலிருந்து ரயிலேற்றி அனுப்பப்படும் குழந்தைகள் ஓக்வொர்த்தை வந்தடைகிறார்கள். அவர்களை வரவேற்கும் குடும்பத்தின் மூத்தவர் பாபி, இப்போது பாட்டி. அவருடைய மகளாக ஷெரிடன் ஸ்மித் நடித்தார். முதல் படம் எடுக்கப்பட்ட அதே ரயில்பாதையிலேயே இதன் படப்பிடிப்பும் நடந்தது. ஒரு நடிகை தாம் பதினைந்து வயதில் ஏற்ற பாத்திரத்தை ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், அப்பாத்திரத்தின் முதுமையில் மீண்டும் ஏற்பது திரைவரலாற்றில் அரிது.

மதிப்பீடு

ஆகட்டரின் நீண்ட தொழில் வாழ்க்கைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, குழந்தைப் பருவத்தில் நடிப்பு கல்விக்குக் கீழ்ப்பட்டே இருந்தது. பள்ளியும் சட்டமும் சேர்ந்து போட்ட வரம்பு, அவர் வளர்வதற்கு வேண்டிய இடைவெளியைத் தந்தது. இரண்டாவது, திரைப்படம், மேடை, தொலைக்காட்சி ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி அவர் இருக்கவில்லை. ஒன்றில் வாய்ப்புக் குறைந்தபோது மற்றொன்று கைகொடுத்தது. ஆண்டுதோறும் பலவகை நாடகங்களைத் தயாரித்த பொதுத்துறை ஒளிபரப்பு அமைப்பு ஒன்று நாட்டில் இருந்ததும் இதற்கு உதவியது. மூன்றாவதே முதன்மையானது: ஒவ்வொரு வயதிலும் அந்த வயதுக்குரிய பாத்திரங்களை அவர் ஏற்றார். மகளாக நடித்தவர் காலம் வந்தபோது தாயானார், தாயானவர் பாட்டியானார், இளமையின் உருவத்தைப் பிடித்துவைக்க முயலவில்லை.

குழந்தை நடிகர்களை இன்றும் ஏராளமாகப் பயன்படுத்தும் தொலைக்காட்சித் துறைக்கு இந்த வாழ்க்கை ஒரு தெளிவான பாடம் தருகிறது. திறமையுள்ள குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிது. அத்திறமை அறுபது ஆண்டுகள் நீடிக்க வேண்டுமானால், அந்தக் குழந்தைக்குப் படிக்கவும் வளரவும் உரிய காலத்தை முதலில் உறுதிசெய்தாக வேண்டும்.